ஜெய் பீம் திரைப்படம்: ராஜாகண்ணு வழக்கும் பார்வையாளர் கருத்துகளும்

ஜெய் பீம், 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் வெளியான தமிழ்த் திரைப்படம். த. செ. ஞானவேல் எழுதி இயக்கினார். சூர்யா, ஜோதிகா ஆகியோரின் 2டி எண்டர்டெயின்மெண்ட் நிறுவனம் தயாரித்தது. 1993இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், காவல்துறையினரின் பிடியில் ராஜாகண்ணு என்பவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கே படத்தின் அடிப்படை.

அண்மைக் காலத் தமிழ்ப் படங்களில் இதைப்போல் பலதரப்பட்ட கருத்துகளைப் பெற்ற படம் வேறில்லை எனலாம். கண்ணீரோடு பாராட்டியவர்கள் உண்டு. வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. கருத்துச் சொன்ன பலரும் ‘இது உண்மைதானா?’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டனர். ஆனால் ஒவ்வொருவரும் அக்கேள்வியைப் படத்தின் ஒவ்வொரு மூலையில் நின்று கேட்டனர். இக்கட்டுரை அக்கருத்துகளை வழக்கின் உண்மைகளோடு வைத்துப் பார்க்கிறது.

வழக்கின் பின்னணி

ராஜாகண்ணு இன்றைய கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பகுதியிலுள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்தவர். குறவர் சமூகத்தவர். 1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டு தொடர்பாகக் கம்மாபுரம் காவல் நிலையத்தினர் அவரையும் உறவினர்களையும் பிடித்துச் சென்றனர். அங்கே அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். பின்னர் அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் கூறினர்.

அவருடைய மனைவி பார்வதி அதை நம்பவில்லை. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தோழர்கள் அவருக்குத் துணை நின்றனர். அவர்கள் வழியாக வழக்கு சென்னையில் வழக்கறிஞர் கே. சந்துருவிடம் வந்தது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. ‘காணாமல் போனவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துக’ என்று கேட்கும் மனு இது. அந்த மனுவின் மீதான விசாரணையில்தான், அவர் தப்பி ஓடவில்லை, கொல்லப்பட்டார் என்பது வெளிவந்தது.

காவலர்கள் மீதான கொலைக் குற்றம் நீதிமன்றத்தில் உறுதியாக 2006ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அதாவது 13 ஆண்டுகள். வழக்கு முடியும்வரை திருமணம் செய்துகொள்வதில்லை என்று காத்திருந்த கட்சித் தோழர் ஒருவரும் உண்டு. அதே 2006இல் சந்துரு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2013இல் ஓய்வு பெற்றார்.

படம் சொல்லும் கதை

படத்தின் கதை 1995இல் நடக்கிறது. ராஜாகண்ணு (மணிகண்டன்) இருளர் இனத்தவர், பாம்பு பிடிப்பவர். ஊர்ப் பெரியவர் வீட்டில் பாம்பு பிடிக்கச் சென்றதனால், பின்னர் அவ்வீட்டில் நகை காணாமல் போனபோது அவர்மேல் பழி விழுகிறது. கர்ப்பிணியான மனைவி செங்கேணி (லிஜோமோள் ஜோஸ்), ஆசிரியை மைத்ராவின் (ரஜிஷா விஜயன்) துணையோடு வழக்கறிஞர் சந்துருவை (சூர்யா) நாடுகிறார். உண்மையைக் கண்டறியும் பொறுப்பு காவல்துறைத் தலைவர் பெருமாள்சாமியிடம் (பிரகாஷ் ராஜ்) வருகிறது.

தொடக்கக் காட்சி பலர் மனத்தில் நிலைத்தது. சிறையிலிருந்து விடுதலையாகி வருவோரிடம் வாசலிலேயே சாதி கேட்கப்படுகிறது. சில சாதியினர் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களை, நிலுவையிலுள்ள பொய் வழக்குகளில் சேர்ப்பதற்காகக் காவலர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றனர். வசனம் அதிகமில்லாத இக்காட்சி, படத்தின் கருத்து முழுவதையும் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது.

வரவேற்பு

படம் வெளியானது தீபாவளிக்கு இரு நாள் முன்பு. தீபாவளியன்று திரையரங்குகளில் ரஜினிகாந்த் நடித்த ‘அண்ணாத்த’ ஓடியது. ஜெய் பீம் வீட்டுக் கூடங்களில் ஓடியது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படியே அமர்ந்து பேசவும் செய்தார்கள். ஐ.எம்.டி.பி. தளத்தில் பார்வையாளர் அளித்த மதிப்பெண் 10க்கு 9.6 வரை ஏறி, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தின் 9.3ஐத் தாண்டியது. 

இத்தகைய மதிப்பெண் படத்தின் தரத்திற்கு அளவுகோல் ஆகாது. வெளியான வாரத்தின் உணர்ச்சிக்கே அது அளவுகோல். அந்த உணர்ச்சிக்குக் காரணம் இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல்துறையினரின் சித்திரவதையால் இறந்திருந்தனர். அந்தச் செய்தி ஆறுவதற்குள் இப்படம் வந்தது. 1990களின் கதையாகச் சொல்லப்பட்டதைப் பார்வையாளர் நேற்றைய கதையாகப் பார்த்தனர்.

அடிக்கும் காட்சிகள் பற்றிய கருத்து

காவல் நிலையச் சித்திரவதைக் காட்சிகளைப் பார்க்க முடியாமல் படத்தை இடையில் நிறுத்தியதாகப் பலர் கூறினர். ‘இவ்வளவு காட்ட வேண்டுமா?’ என்பது ஒரு சாராரின் கேள்வி. ‘இதையும் காட்டாவிட்டால் யார் நம்புவார்கள்?’ என்பது மறு சாராரின் பதில்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தமிழ்ப் படங்களில் நாயகனாக வரும் காவல் அதிகாரி கைதியை அடிக்கும்போது கைதட்டிப் பழகியவர்கள் நாம். அந்தக் கைதட்டலைத் தொண்டையில் நிறுத்துவதற்கு, அடி வாங்குபவன் பக்கம் நின்று காட்டுவது தேவைதான். வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) இதை முன்பே செய்தது. மு. சந்திரகுமார் தம் சிறை அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ நூலே அப்படத்தின் மூலம்.

ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. ‘விசாரணை’யில் அடிக்குப் பின் ஆறுதல் இல்லை. பார்வையாளர் கனத்த மனத்தோடு எழுந்து போக வேண்டியதுதான். ஜெய் பீமில் அடியைத் தொடர்ந்து நீதிமன்றம் வருகிறது, வாதம் வருகிறது, வெற்றி வருகிறது. அடியின் வலியை வெற்றி ஆற்றிவிடுகிறது. படம் பரவலாக விரும்பப்பட்டதற்கு இதுவே காரணம். சிலர் குறைப்பட்டதற்கும் இதுவே காரணம்.

நாட்காட்டிச் சர்ச்சை

படத்தில் கொடுமை செய்யும் உதவி ஆய்வாளரின் பெயர் குருமூர்த்தி. அவர் வீட்டுக் காட்சி ஒன்றில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசச் சின்னம் கொண்ட நாட்காட்டி சுவரில் தெரிந்தது. உண்மை வழக்கில் தொடர்புடைய அதிகாரி வேறு பெயரினர், வேறு சமூகத்தவர் என்று வன்னியர் சங்கத்தினரும் பாட்டாளி மக்கள் கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அன்புமணி ராமதாஸ் சூர்யாவிற்குக் கேள்விகள் அடங்கிய கடிதம் எழுதினார். 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வன்னியர் சங்கம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது. நாட்காட்டிப் படம் மாற்றப்பட்டது. எவரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றும், பொறுப்பு தம்முடையதே என்றும் கூறி இயக்குநர் 2021 நவம்பரில் வருத்தம் தெரிவித்தார். பின்னர் சென்னையில் பதிவான குற்றவியல் வழக்கை 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ராஜாகண்ணுவின் பெயரையும் சந்துருவின் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்ட படம், குற்றம் செய்தவரின் பெயரை ஏன் மாற்றியது, அந்தச் சின்னம் அங்கே ஏன் வந்தது என்று கேட்பது நியாயமான விமர்சனம். உண்மைக் கதை என்று விளம்பரம் செய்த படத்திடம் அதைக் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் நடிகரைத் தாக்குவோருக்கு 1 லட்சம் ரூபாய் என்று மயிலாடுதுறையில் வெளிவந்த அறிவிப்பு விமர்சனம் ஆகாது. நடிகர் வீட்டிற்குக் காவல் போட வேண்டிய நிலை வந்தபின், அந்த நியாயமான கேள்வியும் காதில் விழாமல் போயிற்று. காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய படம், சில வாரங்களில் ஒரு நாட்காட்டியைப் பற்றிய படமாகச் சுருங்கியது.

குறவர் இருளரானது

நாட்காட்டி அளவிற்குப் பேசப்படாத, ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. உண்மையில் ராஜாகண்ணு குறவர். படத்தில் இருளர்.

குறவர் சமூகத்தின்மேல் காவல்துறைக்கு இருந்த சந்தேகம் நீண்ட வரலாறு உடையது. 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பின்னர் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. குறவர் உட்படப் பல சமூகத்தினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டனர். 1952இல் நாடு முழுவதும் இச்சட்டம் நீக்கப்பட்டது. காகிதத்தில் போன சட்டம் காவல் நிலையப் பழக்கத்தில் போகவில்லை. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் தேடப்படுவோர் அவர்களே. ராஜாகண்ணு பிடிபட்டதன் வேர் அங்கே இருக்கிறது.

இருளரைக் காட்டியதற்கும் காரணம் சொல்ல முடியும். இருளர்மேல் பொய் வழக்குப் போடுவது வட தமிழ்நாட்டில் பலமுறை நடந்துள்ளது. பழங்குடியினர் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், வீட்டுமனை என எதற்கும் அலைய வேண்டிய அவர்களின் நிலையைப் படம் சரியாகவே காட்டுகிறது. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் புறநகரைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகள். அங்கும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டோரில் பலர் இருளர். மேனாம்பேட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து படம் பார்த்த குடும்பத்திற்குச் செங்கேணி தொலைதூரத்துப் பெண் அல்ல. அவ்வீட்டுச் சுவரின் செங்கல்லை அறுத்த கை அவருடைய உறவினருடையதாக இருக்கலாம். இந்த உணர்வைப் பலருக்குத் தந்தது படத்தின் நன்மை.

ஆயினும் ஒரு சமூகத்தின் துயரத்தை எடுத்து இன்னொரு சமூகத்தின்மேல் போர்த்தும்போது, முதல் சமூகம் தன் கதையை இழக்கிறது. இரண்டுமே வலிமையற்ற சமூகங்கள் என்பதால் இந்த இழப்பு பெரிய சத்தம் எழுப்பவில்லை. வலிமையுள்ள சமூகத்தின் நாட்காட்டி மாற்றப்பட்டது. வலிமையற்ற சமூகத்தின் பெயர் மாற்றப்பட்டபடியே இருக்கிறது. பார்வையாளர் கருத்துகளின் எடை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நாயகன் யார்?

படம் ஒரு மீட்பரின் கதையாகிவிட்டது என்ற கருத்தும் எழுந்தது. பெரிய நடிகர் வழக்கறிஞராக வரும்போது கேமரா அவர் பின்னால் போவது இயல்பு. உண்மையில் இது பலர் சேர்ந்து இழுத்த தேர். ஊரில் சாட்சிகளைத் தேடி அலைந்தவர்கள், மிரட்டலுக்கு அஞ்சாமல் பார்வதியின் பக்கம் நின்றவர்கள், 13 ஆண்டு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் என அதில் பலர் உண்டு. படத்தில் அவர்களின் உழைப்பில் பெரும்பகுதி ஓர் ஆசிரியையிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் ஒடுங்கிவிடுகிறது. காலமும் ஒடுங்கிவிடுகிறது. உயர் நீதிமன்ற விசாரணையின் முடிவிலேயே நீதி கிடைத்துவிடுகிறது. நீதி தாமதமாகும் என்பதே இவ்வழக்கின் பாதி உண்மை. அதைப் படம் விட்டுவிட்டது.

அதே வேளை, படம் மிகச் சிறப்பாக அமைந்த இடங்கள் வழக்கறிஞருடையவை அல்ல. காவல் வண்டியில் ஏற மறுத்துச் செங்கேணி ஊருக்குள் நடக்கிறார். வண்டி அவர் பின்னால் ஊர்ந்து வருகிறது. ஊரார் பார்க்கின்றனர். வழக்கைக் கைவிடப் பணம் தருவதாகச் சொல்லும்போது அவர் மறுக்கிறார். உண்மையிலும் பார்வதி அத்தகைய பணத்தை மறுத்தவர். இந்த இடங்களில் நாயகன் யார் என்ற ஐயம் எழுவதில்லை. லிஜோமோள் ஜோஸின் நடிப்பைப் பாராட்டாத கருத்தே அநேகமாக இல்லை. இறுதிக் காட்சியில் செங்கேணியின் மகள், சந்துருவைப் போலவே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிக்கிறாள். அதைச் சிலர் அழகு என்றனர். சிலர், அந்தச் சிறுமிக்கு முன்மாதிரி அவள் தாயாக இருந்திருக்கலாமே என்றனர். பின்னது யோசிக்க வேண்டிய கருத்து.

அறை விழும் காட்சி

விசாரணையின்போது இந்தியில் பேசும் அடகுக் கடைக்காரரைப் பெருமாள்சாமி அறைந்து, தமிழில் பேசச் சொல்லும் காட்சி வட இந்தியப் பார்வையாளரிடையே எதிர்ப்பைக் கிளப்பியது. இந்தி மொழிமாற்றத்தில் ‘உண்மையைச் சொல்’ என்று வசனம் மாறியிருந்தது. தமிழ்ப் பார்வையாளர் பலர் காட்சியை ஆதரித்தனர். மொழி தெரியாததுபோல் நடித்து நழுவப் பார்ப்பவரைத்தான் அறைகிறார் என்பது அவர்கள் வாதம்.

மொழிச் சண்டைக்குள் இன்னொரு கேள்வி அமுங்கிப் போயிற்று. காவலர் விசாரணையில் கைநீட்டுவது தவறு என்று இரண்டரை மணி நேரம் சொல்லும் படம், நல்ல காவலர் கைநீட்டும்போது மட்டும் அதை ரசிக்கச் சொல்லலாமா? அந்த அறை வடக்கு, தெற்கு என்ற பிரச்சினையாகுமுன் படத்தின் சொந்தக் கொள்கைக்கே விழுந்த அறை.

ராஜன் வழக்கும் ‘பிறவி’யும்

படத்தில் நீதிமன்ற வாதத்தின்போது கேரளத்து ராஜன் வழக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்டுக் காவலில் இறந்தார். அவர் தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் விளைவாக முதல்வர் கே. கருணாகரன் 1977இல் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை.

இந்நிகழ்வின் தாக்கத்தில் ஷாஜி என். கருண் ‘பிறவி’ (1988) என்ற மலையாளப் படத்தை எடுத்தார்.  மகன் வருவான் என்று நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவரே அதன் மையம். பெயர்கள் மாறியிருந்தன. ஆனால் அது யார் பெயரையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எனவே ‘இது உண்மையா?’ என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஜெய் பீம் பாதிப் பெயர்களை வைத்துக்கொண்டு பாதியை மாற்றியது. சர்ச்சைகளில் பெரும்பாலானவை அந்தப் பாதியிலிருந்து பிறந்தவை.

கருத்து உதவியாக மாறியபோது

படம் வெளியாகும் தறுவாயில், பழங்குடி இருளர் அறக்கட்டளைக்குச் சூர்யா, ஜோதிகா 1 கோடி ரூபாய் வழங்கினர். வெளியான பிறகுதான் வேறொரு செய்தி பரவியது. உண்மைப் பார்வதி சென்னைப் புறநகரில் வறுமையில் வாழ்கிறார் என்பதே அது. படத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிட்டனர். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன் சூர்யாவிற்குக் கடிதம் எழுதினார். பார்வதி பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை செலுத்தப்படும் என்றும், அதன் வட்டி அவருக்கும், அவருக்குப்பின் பிள்ளைகளுக்கும் சேரும் என்றும் சூர்யா அறிவித்தார். நடிகர் ராகவா லாரன்ஸ் வீடு கட்டித் தருவதாகக் கூறினார்.

பார்வையாளர் கருத்துக்கு இத்தகைய பலன் அரிது. ஆனால் இதில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. படம் வரும்வரை பார்வதியைக் கேட்பார் இல்லை. வழக்கில் வென்ற பெண்ணின் வாழ்க்கை வழக்குக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைப் படமும் சொல்லவில்லை. திரையில் செங்கேணியின் மகள் செய்தித்தாள் படிக்கும் இடத்தில் கதை முடிகிறது. திரைக்கு வெளியே பார்வதியின் கதை அங்கே முடியவில்லை.

மதிப்பீடு

2023இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் ஜெய் பீமிற்கு விருது இல்லை. சிறந்த தமிழ்ப் படமாக ‘கடைசி விவசாயி’ தேர்வானது. பார்வையாளர் பலர் வருந்தினர். ஆனால் இப்படத்தின் பயன் விருதில் இல்லை. ‘ஆட்கொணர்வு மனு’ என்ற சொல்லைச் சட்டக் கல்லூரி வாசலைத் தாண்டிப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது இப்படம். காவல் நிலையத்தில் ‘தப்பி ஓடிவிட்டான்’ என்று சொல்லப்பட்டால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சாதாரண மக்களுக்குச் சொல்லித் தந்தது.

படத்தைப் பற்றிய கருத்துகளில் பிழையானவை குறைவு. பெரும்பாலானவை பாதியானவை. தம் சாதியின் சின்னம் எங்கே வருகிறது, தம் மொழி பேசுபவர் எங்கே அடி வாங்குகிறார், தம் நட்சத்திரம் எப்படித் தோன்றுகிறார் என்று பார்த்தவர்கள், தமக்குத் தொடர்பில்லாத மாற்றத்தைக் கவனிக்கவில்லை. உண்மை வழக்கைத் தழுவிய எந்தப் படத்தையும் பார்க்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. எது மாற்றப்பட்டது? அதனால் யாருக்கு லாபம்? அதனால் யாருக்கு இழப்பு? ஜெய் பீமைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விக்கு விடை குறவர் சமூகமும், முதனையின் பெயர் தெரியாத தோழர்களும், பெயர் மாற்றப்பட்ட பார்வதியும். படம் பாராட்டுக்குரியது என்பதை இந்த விடை மறுக்கவில்லை. அந்தப் பாராட்டில் ஒரு பங்கு இவர்களுக்கும் சேர வேண்டும் என்றே கேட்கிறது.